நான் எரித்த கொழும்புக் கடிதம்

என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் எதையோ செய்கிறார் என்ற சந்தேகம் முதலில் வந்தது, ஒரு சனிக்கிழமை காலையில் அவருடைய பள்ளிக்கூடத்துக் கோட்டை வெளுக்கப் போடுவதற்காக உதறியபோது. உள்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. ஒன்று முதல் பத்து வரை தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான் பார்த்தறியாத ஓர் எழுத்து. ஒன்று வெறும் கோடு, ஐந்து முட்டை மாதிரி, ஏழும் எட்டும் ஒன்றையொன்று தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அடியில் அவருடைய அழகான கையெழுத்தில், 'தண்ணீர் – மய்யா. எவ்வளவு – பிகாம். வேண்டாம் – லா' என்று இருந்தது. காகிதத்தை மடித்து, இருந்த பையிலேயே வைத்துவிட்டேன். கேட்கவில்லை.

அப்போது நாங்கள் பாளையங்கோட்டையில் கோயில் தெருவுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அவர் மிஷன் பையன்கள் பள்ளியில் பூகோளமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். நான் பெண்பிள்ளைகள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வாத்தியாரம்மா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. எங்கள் சபையில், பெண்டாட்டி உயிரோடு இருக்க ஒருவன் இன்னொருத்திக்குத் தாலி கட்ட முடியாது. ஆனால் கொழும்பு என்று ஓர் ஊர் இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து அங்கே கடை வைக்கப் போனவர்களில் எத்தனையோ பேர் அங்கேயும் ஒரு குடும்பம் வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அவருக்குக் கொழும்புல சோலி இருக்கு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தக் காகிதத்தைப் பார்த்த பதினைந்தாம் நாள், அவருக்குக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. இரண்டையும் வாசித்துவிட்டுத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். சம்பளத்தைக்கூடப் பூட்டி வைக்காத மனிதர் அவர்.

என் அண்ணன் பனங்காட்டுக் கிராமம் ஒன்றில் சபையை நடத்துகிற உபதேசியாராக இருந்தான். மாதம் ஒரு முறை கூட்டத்துக்குப் பாளையங்கோட்டைக்கு வருவான். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் நடப்பதையெல்லாம் அவனிடம் சொல்வது எனக்குப் பழக்கம். கடிதங்களைப் பற்றியும், சனிக்கிழமைதோறும் அவர் மேலப்பாளையத்துக்குப் போவதைப் பற்றியும் சொன்னேன்.

"ஏட்டி, மேலப்பாளையத்துல அவருக்கு என்ன சோலி?" என்றான்.

"ஜவுளிக்கடை ஹாஜியாரப் பாக்கப் போறதாச் சொல்லுதாவ."

"ஹாஜியாருக்குக் கொழும்புல ஆள் உண்டா?"

"தங்கச்சி மாப்பிள்ளை அங்கன கடை வச்சிருக்காராம்."

எல்லாம் விளங்கிவிட்டது போல அண்ணன் தலையை ஆட்டினான். அன்று மத்தியானம் இலையில் உட்கார்ந்திருந்தபோது, அவரிடம் நேராகவே கேட்டான். ஹாஜியாருக்கு இங்கிலீஷில் வியாபாரக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன் என்றார் இவர், சோற்றைப் பார்த்துக்கொண்டே. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ரசத்தை எடுக்க உள்ளே போய்விட்டேன்.

அந்த ஆனி மாதத்தில்தான் மணியாச்சி ஸ்டேஷனில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் துரையைச் சுட்டார்கள். அதன் பிறகு எங்கள் ஜில்லாவில் யாரும் யாரோடும் இயல்பாகப் பேசவில்லை. வெளியூரிலிருந்து கடிதம் வந்தவன் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. பழைய பத்திரிகை வைத்திருந்தவர்கள் அடுப்பில் போட்டார்கள். எங்களுக்கு வந்த கடிதங்களின் ஓரம் இரண்டாந்தரம் பசை போட்டு ஒட்டினது மாதிரி இருந்தது. பையன்கள் பள்ளிக்கு எதிரே ஒருவன் குடை ரிப்பேர் செய்கிறேன் என்று வந்து உட்கார்ந்தான். ஒரு மாதத்தில் அவன் ஒரு குடையைக்கூடப் பிரித்து நான் பார்க்கவில்லை.

இதற்கு நடுவிலும் அவர் சனிக்கிழமை போவதை நிறுத்தவில்லை. ஒரு சனிக்கிழமை, ஜெபத்துக்கு நாலு வீடு போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் கிளம்பிய பின்னால் நானும் கிளம்பினேன். இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வாத்தியாரம்மாவான நான் என் புருஷனைப் பின்தொடர்ந்து போனேன்.

மேலப்பாளையத்துக்குப் போகிற வழியில் பெரிய பொட்டல் ஒன்று உண்டு. மாடுகூட மேயாத இடம். அவர் பாதையை விட்டு அதற்குள் இறங்கினார். ஓரிடத்தில் நின்று கல் ஒன்றை நட்டார். அங்கிருந்து நேராக நடந்தார். ஒவ்வொரு தப்படிக்கும் உதடு அசைந்தது. முந்நூறு தப்படிக்கு மேல் இருக்கும். நின்றார், இன்னொரு கல் நட்டார், திரும்பி நடந்தார். இப்படி நாலு மூலைக்கும் நாலு கல். பிறகு நடுவில் போய் நின்று, தலைப்பாகை விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு பருந்துகூட இல்லை.

வீடு கட்ட மனை அளக்கிறாரா? யாருக்கு? இல்லை, புத்தி தடுமாறிவிட்டதா? பனை மரத்தடியில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று திரும்பினேன். பத்தடி தள்ளி அடுத்த பனையின் கீழே குடை ரிப்பேர்க்காரன் உட்கார்ந்திருந்தான். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது போலீஸ் ஏட்டு வாசலில் நின்றார். வயதான மனிதர். வழியில் பார்த்தால் எப்போதும் மரியாதையாக ஒதுங்கிப் போகிறவர். அன்று ஒதுங்கவில்லை. வாத்தியாருக்குக் கொழும்பிலிருந்து கடிதம் எழுதுவது யார், பொட்டலில் எதற்கு அளக்கிறார், துலுக்க எழுத்து எதற்குப் படிக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். அது உண்மை. ஆனால் என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"வாத்தியாரம்மா, நாளைக்கு இன்ஸ்பெக்டர் உத்தரவோட வாரேன். வீட்டைச் சோதிக்கணும். இன்னைக்கே சொல்லுததுக்குக் காரணம், உங்ககிட்டத்தான் என் மவ படிச்சா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது. சோறு தின்னவில்லை. அரிவாள்மணையால் தகரப் பெட்டியின் பூட்டை நெம்பினேன். மூன்றாம் தரம் நெம்பியதும் நாதாங்கி பிய்த்துக்கொண்டு வந்தது.

மேலாக ஒரு பொட்டலம். பிரித்தால் ஒரு ஜோடி பொம்பளைச் செருப்பு. புதுத்தோல் வாசனை. அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் செருப்புப் போட மாட்டார்கள். நான் அதுவரை போட்டதே கிடையாது. அப்படியானால் இது போடுகிற ஒருத்திக்கு வாங்கியது. செருப்புக்குக் கீழே மூன்று கடிதங்கள்; மூன்றாவது ஒன்று வந்ததே எனக்குத் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் ரீடர் வாசிக்கிற அளவுக்குத் தெரியும். அவசரத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்தன. ஆனாலும், கடைசிக் கடிதத்தில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் 'மிஸஸ்' என்ற சொல் இருந்ததைப் பார்த்தேன். மூன்று இடத்தில் இருந்தது.

மூன்றையும் அடுப்பில் போட்டேன். போலீஸுக்குப் பயந்துதான் எரித்தேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் கடிதத்தைப் போட்டபோது அப்படித்தான். மூன்றாவதைப் போட்டபோது அப்படியில்லை.

செருப்பை அவருடைய மேஜை மேல், பூகோளப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்தேன். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர் வரும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நாலரை மணிக்கு வந்தார். செருப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கோட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"கடுதாசி எங்க?"

"எரிச்சிட்டேன். செருப்பு யாருக்கு?"

"எரிச்சிட்டியா?"

"யாருக்குன்னு கேக்கேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அப்புறம், "உனக்குத்தான். அங்கன மணல் சுடும்" என்றார்.

எங்கே என்று கேட்டேன். எகிப்து என்றார். அவர் சொன்ன கதை இது. இருபது வருஷமாகப் பையன்களுக்குப் பிரமிடைப் பலகையில் முக்கோணமாக வரைந்து காட்டியிருக்கிறார். ஒரு நாள் வகுப்பில் ஒருவன், சார்வாள் அதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறான். இல்லை என்று சொல்ல வெட்கமாகிப் பேச்சை மாற்றிவிட்டாராம். அன்றிலிருந்து அதே நினைப்பு. ஹாஜியார் மக்காவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மிஸ்ர் என்று அவர்கள் சொல்கிற எகிப்துக்கும் போய் வந்தவர் என்று கேள்விப்பட்டு அவரிடம் போயிருக்கிறார். எந்தத் துரையோடும் சேராமல், எந்தக் கூட்டத்தோடும் சேராமல், தானாகப் போய்வர வழி உண்டா என்று விசாரித்திருக்கிறார். கொழும்பில் கப்பல் கம்பெனிக்கு எழுதினார். மூன்றாம் வகுப்பில், வருகிற கோடையில், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு இடம் வைத்திருக்கிறோம், இன்ன தேதிக்குள் உறுதி எழுதவும் என்று வந்ததுதான் அந்த மூன்றாம் கடிதம். தேதி அவருக்கு நினைவில்லை. கம்பெனி விலாசம்கூட அதில்தான் இருந்தது.

நான் நம்பவில்லை. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய கதையை ஒரு மனிதன் உண்மைக்காகச் சொல்வானா, எதையோ மூடுவதற்காகச் சொல்வானா என்றுதான் என் மனசு போயிற்று.

"ஒரு கல்லுக் குமியைப் பாக்கவா கப்பல் ஏறணும்? நீங்க சொல்லுததை நான் எப்படி நம்ப? இத்தனை நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க அண்ணங்கிட்டச் சொல்லுவ. அவரு மிஷன் பெரிய துரைகிட்டச் சொல்லுவாரு. லீவு கிடைக்காது. நான் பேசுத ஒவ்வொரு பேச்சும் ஒரு மாசத்துல எங்கிட்டயே திரும்பி வருது. எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச?"

பன்னிரண்டு வருஷமாக அவரும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது.

வெயில் இறங்குவதற்குள் என்னை மேலப்பாளையத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். பொட்டலைத் தாண்டும்போது நாலு கல்லையும் காட்டினார். பிரமிடின் அடிப்பக்கம் இவ்வளவு அகலம், நெல்லையப்பர் கோயில் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வைத்தாலும் அதன் உச்சி எட்டாது என்றார். நான் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. ஹாஜியார் வாயால் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை என்று இருந்தேன்.

ஹாஜியார் கடையில் துணி அளந்துகொண்டிருந்தார். ஆட்களை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன், இவர் உங்களிடம் என்ன கேட்க வருகிறார் என்று.

"தங்கச்சி, சார்வாள் எங்கிட்டக் கேட்ட மொதக் கேள்வி, அங்கன பொம்பளையாளுக ஒட்டகத்துல ஏறுவாகளா, இல்ல கழுதையிலயா, ரெண்டும் பழக்கமில்லாதவங்க நடக்க முடியுமான்னுதான். செருப்பு நல்லதா வாங்கும், நடக்கலாம்னு சொன்னேன். அதையும் என்னையே வாங்கிக் குடுக்கச் சொன்னாரு. உங்க கால் அளவை ஒரு நூல்ல எடுத்துட்டு வந்தாரு" என்றார்.

நூலால் என் பாதத்தை எப்போது அளந்தாரோ தெரியவில்லை. நான் தூங்கும்போதுதான் அளந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஏட்டு, இன்ஸ்பெக்டர் உத்தரவோடு வந்தார். கூடக் குடை ரிப்பேர்க்காரனும் வந்தான். குடை இல்லை. உடைந்த பெட்டியைப் பார்த்தார்கள். அடுப்புச் சாம்பலில் இங்கிலீஷ் அச்செழுத்தோடு கருகின ஒரு துண்டைக் குச்சியால் எடுத்தார்கள். ஏட்டின் முகம் மாறிவிட்டது. தான் இரக்கப்பட்டு முன்கூட்டியே சொன்னதை நாங்கள் இப்படிப் பயன்படுத்தியிருக்கிறோமே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பிரமிடு, பூகோளம், கப்பல் என்று விளக்கினார். அவர் விளக்க விளக்க அது இன்னும் பெரிய பொய்யாகவே ஆயிற்று. பொட்டலில் பிரமிடு அளந்தேன் என்பதைக் குடைக்காரன் காகிதத்தில் எழுதிக்கொண்டே சிரித்தான்.

வேறு வழி இல்லை. நான் முன்னால் வந்து சொன்னேன். "கடுதாசிய எரிச்சது நான்தான். கொழும்புல இவுகளுக்கு வேற பொம்பளை இருக்குன்னு நினைச்சேன். அந்தக் கடுதாசில மிஸஸ்னு இருந்துச்சு. அது நான்தான்னு எனக்குத் தெரியல. பெட்டிய உடைச்சதும் நான்தான். அன்னைக்குப் பொட்டல்ல இவுக பின்னாலயே வந்தேன்." குடைக்காரனைக் காட்டி, "இவருக்கும் தெரியும்" என்றேன்.

ஏட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான். செருப்பை எடுத்துக் காட்டினேன். பிரமிடை நம்பாத போலீஸ்காரர்கள், பெண்டாட்டியின் பொறாமையை உடனே நம்பினார்கள். ஏட்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் சொல்லும்வரை வாத்தியார் ஜில்லாவை விட்டுப் போகக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். வெட்கத்தில் நான் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குள் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஜில்லாவை விட்டுப் போகலாம் என்ற அனுமதி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருஷமும் நாங்கள் இருவருமாகவே ஏற்பாடு செய்தோம். மாதாமாதம் வந்த அண்ணனிடம் நான் மழையைப் பற்றியும் சபையைப் பற்றியும் மட்டும் பேசினேன். அவனாகத் தெரிந்துகொண்டபோது, "எகிப்தை விட்டு வெளிய வாங்கன்னுதான் கர்த்தர் சொன்னாரு, திரும்பிப் போகச் சொல்லல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனான். ஆனாலும் அடுத்த மாதம் வந்து, தூத்துக்குடியில் தனக்குத் தெரிந்த கப்பல் தரகர் ஒருவர் இருப்பதாகச் சொன்னான்.

தரகர் வாசனையாக இருந்தார். எங்களுக்கு நாற்காலி போட்டுக் காப்பி வரவழைத்தார். போர்ட் சயித் வரை எல்லாம் தன் பொறுப்பு, இந்தக் காகிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் பேனாவை மைக்கூட்டில் தோய்த்துவிட்டார். எனக்கு அந்தக் காப்பி பிடிக்கவில்லை. வாசித்துவிட்டுப் போடுவோம் என்றேன். தரகர் சிரித்து, அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியுமோ என்றார். கொஞ்சம் தெரியும் என்று சொல்லி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். போன தடவை அவசரப்பட்டு ஒரு கடிதத்தை எரித்தவள் நான். இந்தத் தடவை அவசரப்படவில்லை. போர்ட் சயித் என்ற சொல் எங்கும் இல்லை. 'எஸ்டேட்' என்று இரண்டு இடத்தில் இருந்தது. கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு எங்களைக் கூலியாளாகச் சேர்க்கிற காகிதம் அது. கொழும்பு வரை தோட்டத்துச் செலவில் ஏற்றிவிட்டு, நாங்கள் கொடுக்கிற கப்பல் கூலியைத் தரகர் தானே வைத்துக்கொள்கிற யோசனை.

காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தி, விரலால் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினேன். அவர் படித்தார். பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தார். ரயிலில் ஏறிய பிறகு, "இனிமே எந்தக் காகிதம் வந்தாலும் மொதல்ல நீ படி" என்றார்.

அப்படியே நடந்தது. ஹாஜியார் மூலமாகக் கம்பெனி விலாசத்தை மறுபடி வாங்கி, நேராகவே எழுதினோம். பதில் வந்ததும், அது கம்பெனியின் பதில்தானா என்று கொழும்பிலிருந்த ஹாஜியாரின் மைத்துனரைப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். எங்கே இறங்கினால் எந்த விடுதி, வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னால் வழிகாட்டி போவான், தண்ணீர் காய்ச்சினதா என்று எப்படிக் கேட்பது என்று ஹாஜியாரிடம் அவர் கேட்டுவந்ததையெல்லாம் நான் மறுபடியும் கேட்டேன். இரண்டு பதிலும் ஒத்துவந்தால்தான் நோட்டில் எழுதுவேன். இரண்டாம் கோடையில் திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம்.

கடல் பன்னிரண்டு நாள். ஒன்பது நாள் நான் படுத்தே கிடந்தேன். அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு காலையில் கழுதை மேல் நானும், பக்கத்தில் நடந்து அவருமாக மணலில் போய், அதன் அடியில் நின்றோம். ஒவ்வொரு கல்லும் என் இடுப்பு உயரம். அவர் ஒரு பக்கத்தைத் தப்படியால் அளக்கத் தொடங்கி, பாதியிலேயே நின்று, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்த பிறகு சபைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார்கள். பிரமிடு பார்க்க என்றேன். சரி சரி என்று சொல்லி, என் வயிற்றை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளை வேண்டிக் கொழும்பில் ஒரு துரைசானி டாக்டரிடம் வைத்தியத்துக்குப் போய் வந்தோம் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. முதலில் இரண்டு பேரிடம் மறுத்துப் பார்த்தேன். அவர்கள் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு, டாக்டர் என்ன சொன்னாள் என்று யாராவது கேட்டால், நல்லதாகத்தான் சொன்னாள் என்று சொல்லிவிடுவேன்.